வீட்டுக் கோழிகளில் பேன், செள் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் முதல் கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதாகவே இருக்கும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பூச்சி குடியிருப்பது கோழியின் மேலா, கூட்டிலா? இது தெரியாமல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

பேனும் செள்ளும் ஒன்றுதானே?

ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துச் "செள்ளு பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்வோம். ஆனால் இரண்டும் வேறு வேறு உயிர்கள், வாழும் இடமும் வேறு.

பேன் ஆறு கால் பூச்சி. வைக்கோல் நிறத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். இறகை விலக்கினால் வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். தோல் செதிலையும் இறகுத் தூளையும் தின்று வாழும். உடல் பேன் என்ற வகை மட்டும் இளம் இறகின் அடியைக் கடித்து ரத்தத்தையும் உறிஞ்சும். பிறப்பு முதல் இறப்பு வரை கோழியின் மேலேயேதான் இருக்கும். கீழே விழுந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும்.

செள் சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு, எட்டுக் கால். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரத்தம் குடித்தால் சிவப்பாகவும் பிறகு கறுப்பாகவும் தெரியும். இதில் நமக்கு வேண்டியவை மூன்று வகை. முதலாவது கூட்டுச் செள். பகலெல்லாம் கூட்டின் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் கோழி மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். இரண்டாவது மேல் செள். இது கோழியின் மேலேயே, முக்கியமாக எச்சத் துவாரத்தைச் சுற்றித் தங்கும். கூட்டிலும் முட்டை வைக்கும் கூடையிலும்கூட இருக்கும். மூன்றாவது கால் செள். கால் செதிலுக்கு அடியில் குடைந்து வாழ்வது.

ஆகவே பேனுக்குக் கோழியைப் பாருங்கள், கூட்டுச் செள்ளுக்குக் கூட்டைப் பாருங்கள், மேல் செள்ளுக்கு இரண்டையும் பாருங்கள்.

இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேனுக்குப் பகலில் பாருங்கள். கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, எச்சத் துவாரத்தைச் சுற்றிலும், மார்பிலும், இறக்கையின் அடியிலும் இறகை விலக்கவும். இறகு முளைக்கும் இடத்தில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது ஈர். பேன் ஓடி மறைந்தாலும் ஈர் எங்கும் போகாது. எச்சத் துவாரத்தைச் சுற்றிய இறகு கரி பூசியதுபோல் அழுக்கேறியிருந்தால், அது மேல் செள்ளின் கழிவும் காய்ந்த ரத்தமும்.

கூட்டுச் செள்ளைப் பகலில் கோழி மேல் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. "நல்லாப் பாத்தேன், ஒண்ணுமில்லை" என்று சொல்லும் பலருடைய கூட்டில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு டார்ச் எடுத்துப் போய், கோழி உட்கார்ந்திருக்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஐயமே வேண்டாம்.

நெளி அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, கம்பின் அடியில் கட்டிவிடுவது இன்னொரு வழி. அட்டையின் நெளிவுக்குள் செள் புகுந்து தங்கும். இரண்டு மூன்று நாளில் அவிழ்த்துப் பிரித்துப் பார்த்துவிட்டு நெருப்பில் போட்டுவிடலாம். இதைத் தொடர்ந்து செய்தால் எண்ணிக்கையும் கொஞ்சம் குறையும்.

கோழியின் நடவடிக்கையும் சொல்லும். கொண்டை வெளுப்பது, முட்டை குறைவது, சாயங்காலம் கூட்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோழியைத் துரத்தி அடைக்காதீர்கள். அது கூட்டில் ஏதோ கோளாறு என்று காட்டுகிறது.

அடைக்கோழி பாதியிலேயே முட்டையை விட்டு எழுந்துவிடுகிறது. இதற்கும் செள்தான் காரணமா?

பல வீடுகளில் ஆம். கொல்லைக் கோழி வளர்ப்பில் செள்ளால் வரும் பெரிய நட்டம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

அடையில் உட்கார்ந்த கோழி 21 நாளும் அசையாமல் இருக்கும். நாளுக்கு ஒருமுறை இரை, தண்ணீருக்கு எழுந்து, சில நிமிடத்தில் திரும்பிவிடும். புழுதியில் புரள நேரமில்லை. இருட்டு, வைக்கோல், உடம்புச் சூடு, பக்கத்திலேயே ரத்தம் என்று செள்ளுக்கு வேண்டியது எல்லாம் ஒரே கூடையில் கிடைக்கிறது. வெயில் காலத்தில் கூட்டுச் செள் முட்டையிலிருந்து வெளிவந்து தானும் முட்டையிடும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். அடை முடிவதற்குள் கிட்டத்தட்ட மூன்று தலைமுறை. முதல் வாரம் நன்றாக உட்கார்ந்த கோழி மூன்றாவது வாரம் தவிப்பது இதனால்தான். தாங்க முடியாமல் எழுந்துவிட்டால் முட்டை ஆறி, உள்ளே இருக்கும் குஞ்சு செத்துவிடும். எழாமல் உட்கார்ந்தே தீரும் கோழிகளும் உண்டு. அவை ரத்தம் வற்றிக் கூடையிலேயே செத்துப் போவதும் நடக்கிறது.

அடை வைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கோழியைப் பரிசோதியுங்கள். பேனோ செள்ளோ இருந்தால் அப்போதே மருந்து போடுங்கள். போன ஈட்டின் வைக்கோலை மீண்டும் வைக்கவே கூடாது, எரித்துவிடுங்கள். கூடையைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். அடியில் உலர்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் பரப்பி, மேலே புது வைக்கோல். கூடவே ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை அல்லது நொச்சி இலை. கூடையைச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைக்கவும்.

ஏழாம் நாள் முட்டையை வெளிச்சத்தில் காட்டிக் கரு பார்க்கும்போதே கூடையின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். பதினாலாம் நாள் இன்னொரு முறை. செள் தென்பட்டால், தயாராக வைத்திருக்கும் வேறு கூடைக்கு இரவில் கோழியையும் முட்டையையும் மாற்றுங்கள். இரவில் மாற்றினால் கோழி அவ்வளவாகக் கலவரப்படாது. முட்டை மேல் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். ஓட்டில் நுண்துளைகள் உண்டு, மருந்து உள்ளே போகும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டு, கரி, மிளகாய் வற்றல் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இடிச் சத்தத்துக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைப்பதில் தவறில்லை. ஆனால் செள் அதற்கு நகராது.

கோழி எழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: எலி, பாம்பு, இன்னொரு பெட்டையின் தொல்லை, தகரக் கூரையின் வெக்கை. கூடையில் செள் இல்லையென்றால் இவற்றைப் பாருங்கள்.

புழுதிக் குளியலுக்கு இடம் கொடுத்தால் போதுமா?

வராமல் தடுக்கப் பெரும்பாலும் போதும், வந்த பிறகு மட்டும் போதாது. கோழி மண்ணில் புரண்டு, இறகைச் சிலிர்த்து உதறி, அலகால் கோதும்போது பேன் உதிர்கிறது. பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை நுண்ணிய தூள் சுரண்டி உறிஞ்சுவதால் அது வறண்டு சாகிறது. இதற்கு அலகு முழுதாக இருக்க வேண்டும். அலகு வெட்டிய கோழிகளுக்குக் கோதும் திறன் குறைவதால் பேனும் செள்ளும் கூடுதலாகப் பிடிக்கின்றன. பண்ணையிலிருந்து கழித்துவிடும் முட்டைக்கோழிகளை மலிவாக வாங்கி வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய சிமெண்ட் தொட்டியோ, லாரி டயரோ, மூன்று அடி அகலக் குழியோ போதும். ஓர் அடி ஆழத்துக்குப் பொடி மண்ணும் மணலும் கலந்து, அதில் சலித்த விறகுச் சாம்பலையும் காய்ந்த வேப்பிலைத் தூளையும் சேருங்கள். குப்பை எரித்த சாம்பல் வேண்டாம், பிளாஸ்டிக் கலந்திருக்கும். சாம்பல் நனைந்தால் காரமாகித் தோலை அரிக்கும், ஆகவே மேலே கூரை கட்டாயம்.

மழைக்காலத்தில்தான் எங்கள் கோழிக்குப் பேன் அதிகம். ஏன்?

ஐப்பசி, கார்த்திகையில் கொல்லை முழுவதும் சேறு. புரள இடமில்லை. வெளியே போகாமல் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்தே இருப்பதால் ஒன்றின் பேன் எல்லாவற்றுக்கும் பரவும். புரட்டாசியிலேயே ஒரு சாக்கு உலர்ந்த மண்ணும் சாம்பலும் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மாட்டுத் தொழுவத்தின் ஓரமோ திண்ணையின் மூலையோ, நனையாத இடத்தில் அதைக் கொட்டிக் கொடுத்தால் போதும்.

கூட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

இடுக்கு இருந்தால்தான் கூட்டுச் செள். மூங்கிலின் திறந்த முனை, பனைமட்டை, பட்டை உரியாத கம்பு, கயிற்றுக் கட்டு, இரண்டு பலகை சேரும் இடம், ஓலைக் கூரையின் உள்பக்கம் இவையெல்லாம் அதன் வீடு.

கோழிகளைப் பகலில் வெளியே விட்டுவிட்டு எருவை முழுவதும் வாருங்கள். கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றி, கொதிக்கும் நீரை இடுக்கு இடுக்காக ஊற்றுங்கள். சுடுநீருக்கு நிகரான மலிவான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. செங்கல் சுவர், இரும்பு வலை என்றால் நெருப்பு காட்டலாம். ஓலை, மரம் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம். பிறகு சுண்ணாம்பு அடிக்கவும். கெட்டியாகக் கரைத்து அடித்தால் சின்ன வெடிப்புகள் அடைபடும். நன்றாகக் காய்ந்த பிறகே கோழியை உள்ளே விடுங்கள்.

கோழி உட்காரும் கம்பைச் சுவரில் செருகாமல் தனிக் காலில் நிறுத்தி, அந்தக் கால்களை எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் வைத்துவிட்டால், சுவரிலிருந்து செள் ஏறிவரும் வழி அடைபடும். கம்பு வழவழப்பாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் அடிப்பக்கத்திலும் முனைகளிலும் வேப்பெண்ணெய் தடவுங்கள்.

கோழியே இல்லாமல் கூட்டைக் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குளிர்ந்த இடத்தில் கூட்டுச் செள் பல மாதம் ரத்தமின்றித் தாங்கும். நம் வெயிலில் அவ்வளவு தாங்காதுதான், ஆனாலும் ஓரிரு வாரத்தில் போய்விடாது.

வேப்பெண்ணெய், வசம்பு, சீத்தாப்பழ விதை, புகையிலை: இவற்றில் எது வேலை செய்யும்?

வேப்பெண்ணெய் வேலை செய்யும், மெதுவாக. லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி, கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். காலையில் தெளித்து, வெயிலில் உலர விடுங்கள். பூச்சியின் வளர்ச்சியையும் முட்டையிடுவதையும் அது தடுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்து விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூட்டுக்கு இது மிகவும் ஏற்றது.

சீத்தாப்பழ விதைத் தூளுக்குப் பேனைக் கொல்லும் ஆற்றல் உண்டு. ஆனால் கண்ணில் பட்டால், கோழிக்கும் நமக்கும், கடுமையான எரிச்சலும் புண்ணும் வரும். கழுத்துக்கு மேல் போடவே கூடாது. வசம்புத் தூளைச் சாம்பலோடு கலந்து இறகுக்குள் தேய்க்கலாம்.

புகையிலைக் கஷாயம் வேண்டாம். நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் கோழி துடித்துச் செத்துவிடும். மண்ணெண்ணெய் தடவுவதும் தோலைப் பொசுக்கும். கந்தகத் தூள் செள்ளுக்கு நல்ல மருந்து. மெல்லிய துணியில் முடிந்து, கோழி நுழையும் வாசலில் முதுகு உரசும் உயரத்தில் தொங்கவிடலாம்.

கடையில் கிடைக்கும் மருந்துகளில் எது?

பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகிய மூன்றும் பேன், செள் இரண்டையும் கொல்லும். பெரும்பாலான குப்பிகளில் மாட்டுக்கும் நாய்க்கும்தான் அளவு போட்டிருக்கும். கோழிக்கு எவ்வளவு கலப்பது, முட்டையை எத்தனை நாள் தவிர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் குப்பியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இம்மருந்துகள் மீனுக்கும் தேனீக்கும் நஞ்சு. பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது. மீதிக் கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்.

பரணில் கிடக்கும் பழைய பொடி டப்பாக்களைத் தொடாதீர்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த காமாக்சின், அதாவது பிஎச்சி, இந்தியாவில் 1997-ல் தடை செய்யப்பட்டது. கோழிப்பேனுக்குப் பழைய கையேடுகள் சிபாரிசு செய்யும் கார்பரில் 2018-ல் தடையானது. கையேட்டில் இருக்கிறதே என்று தேடிப் போக வேண்டாம்.

ஐவர்மெக்டின் சொட்டு பலர் கைவைத்தியமாகவே விடுகிறார்கள். அது கொழுப்பில் தங்கும் மருந்து, மஞ்சள்கருவுக்குப் போகும். ஒரு மஞ்சள்கரு பெருத்து முட்டையாக வரப் பத்து நாளாவது ஆகும் என்பதால், இன்று கொடுத்தது அடுத்த பல முட்டைகளில் இருக்கும். முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கிற வீட்டில் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாய்க்கு விடும் உண்ணி மருந்தைக் கோழிக்கும் விடலாமா? பக்கத்து வீட்டில் விடுகிறார்கள்.

கூடாது. அவற்றில் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில். செள் சாகும் என்பது உண்மைதான். 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைகளில் இதே கூட்டுச் செள்ளை ஒழிக்க, அனுமதியில்லாத ஃபிப்ரோனிலைக் கலந்து தெளித்தார்கள். அது முட்டையில் ஏறியது கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகளில் கோடிக்கணக்கில் முட்டைகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. அங்கே சோதித்ததால் வெளியே வந்தது. நம் கொல்லை முட்டையை யாரும் சோதிப்பதில்லை, நாமே தின்கிறோம்.

மருந்து அடித்தேன், பத்து நாளில் மறுபடியும் வந்துவிட்டது. போலி மருந்தா?

பெரும்பாலும் இல்லை. மருந்து பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் நான்கு முதல் ஏழு நாளில் பொரிக்கும். பொரித்த பேன் வளர்ந்து முட்டையிடுவதற்குள் இரண்டாம் முறை போட்டாக வேண்டும். பேனுக்கு ஏழு முதல் பத்து நாள் இடைவெளி. கூட்டுச் செள்ளுக்கு ஐந்து முதல் ஏழு நாள், அதுவும் கூட்டுக்கு. எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் போடுங்கள். அரிப்பு இல்லாத சேவலை விட்டுவிட்டால் அதிலிருந்தே திரும்பப் பரவும்.

இரண்டு முறை சரியாகச் செய்தும் குறையவில்லை என்றால், அந்த மருந்துக்குச் செள் பழகியிருக்கலாம். அளவைக் கூட்டாமல் மருந்தை மாற்றுங்கள். கூரையில் சிட்டுக்குருவியோ மைனாவோ புறாவோ கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குஞ்சு பறந்து போன பிறகு அந்தக் கூட்டிலுள்ள செள் பசியோடு கீழே இறங்கும். குஞ்சு இருக்கும்போது கூட்டைக் கலைக்க வேண்டாம். பறந்ததும் எடுத்துவிடுங்கள்.

கால் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல் இருக்கிறதே?

கால் செள். வயதான கோழிகளில் அதிகம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்தோ, வாசலினோ, செதிலின் இடுக்கில் இறங்கும்படி தடவுங்கள். மூச்சடைத்துச் செள் சாகும். வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஒரு மாதம். செள் செத்தாலும் கால் பழையபடி ஆக மாதக்கணக்கில் ஆகும். நடக்கவே முடியாத அளவு முற்றியிருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாக எள் ஒட்டியதுபோல் இருக்கிறது.

அது ஒட்டுத் தெள்ளுப்பூச்சி. கையால் தள்ளினாலும் நகராது. கண்ணில் படாமல் வாசலின் தடவுங்கள், ஓரிரு நாளில் உதிரும். அதன் புழு மண்ணில் வளர்வதால் கோழி தங்கும் இடத்து மேல்மண்ணை வாரி எடுத்து, தரையை வெயிலில் காயவிடவும். நாய், பூனை மேலும் ஒட்டும்.

கூட்டுச் சுவரில் தட்டையாக, மூட்டைப்பூச்சி போல ஒன்று இருக்கிறது.

கோழி உண்ணியாக இருக்கலாம். அதுவும் இரவில் குடித்துவிட்டுப் பகலில் சுவர் வெடிப்பில் ஒளியும். செள்ளைவிட இதற்கு நான் அதிகம் அஞ்சுவேன். இது பரப்பும் ஒரு காய்ச்சலில் கோழி சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, கால் விழுந்து சாகும். பார்க்க வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்) போலவே இருப்பதால், தடுப்பூசி போட்டும் செத்துவிட்டதே என்று தடுப்பூசியைக் குறை சொல்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும், வெள்ளைக்கழிச்சலுக்குக் கேட்காது. சாகும் கோழியோடு சுவரில் பிடித்த பூச்சியையும் ஒரு டப்பாவில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. வெடிப்புகளைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடுங்கள்.

கோழிப்பேன் குழந்தைகள் தலையில் ஏறுமா?

ஏறினாலும் வாழாது. மனிதத் தலைப்பேன் வேறு இனம். செள் மட்டும் கடிக்கும். கையிலும் இடுப்பிலும் சிவந்த தடிப்பு, அரிப்பு வரும். மனித உடம்பில் அது குடியேறாது என்பதால் குளித்து உடை மாற்றினால் போதும். கோழிக்கூடு படுக்கை அறைச் சுவரை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை எப்போது மற்றவற்றோடு விடலாம்?

மூன்று வாரம் கழித்து. பஞ்சாரத்தில் தனியாக, பழைய கோழிகளிலிருந்து தள்ளி வைத்து, வந்த அன்றே ஒரு முறை, பத்து நாளில் மறுமுறை மருந்து போடுங்கள். வாங்கி வந்த கூடையையும் சாக்கையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

குஞ்சுக்கு மருந்து போடலாமா?

சின்னக் குஞ்சுக்கு வேண்டாம். தாய்க்கோழியையும் கூடையையும் அடைக்கு முன்பே சுத்தமாக வைப்பதுதான் குஞ்சுக்கான வைத்தியம். தலையில் பேன் இருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு உச்சியில் தடவுங்கள். அதிகம் தடவினால் இறகு ஒட்டிக் குளிரில் நடுங்கும். கொண்டை வெளுத்துத் தலை தொங்கும் குஞ்சுக்கு வீட்டில் எதுவும் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிய விவரம் கிடைக்கும்.